மைனருக்கு வந்த மெட்ராஸ் ஐ

ஊருக்கெல்லாம் பாதுகாப்பு சொல்லிக் கொடுப்பவன் வீட்டில்தான் ஆபத்து அதிகம். நான் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். ‘கண்ணில் ஏதாவது விழுந்தால் கசக்காதே. சொந்த வைத்தியம் செய்யாதே. உடனே மருத்துவரைப் பார்’ என்று அங்கே தொங்கும் பலகை என் கைவண்ணம். (பிழை திருத்தியது என் மனைவி செல்வி.)

மைனர் எங்கள் நாய். வில்லாபுரத்தில் எங்கள் தெருவிலேயே பிறந்து, ஒரு மழை நாளில் வாசலில் வந்து படுத்தவன், பிறகு எழுந்து போகவே இல்லை. ஒரு ஞாயிறு காலை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் அவனோடு நடந்துவிட்டு வந்தேன். லுங்கி முழுக்க ஊசிப்புல். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பக்கத்தில் மைனர் முன்னங்காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. லுங்கி புதுசு.

மறுநாள் அவன் இடது கண் சிவந்து, நீர் வடிந்து, பாதிதான் திறந்தது. ஊரெங்கும் மெட்ராஸ் ஐ பரவியிருந்த நேரம். செல்வி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். இது மெட்ராஸ் ஐ, மூன்று நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று நான் தீர்ப்பு எழுதினேன். ஒன்பதாவது படிக்கும் மகள் யாழினிக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

“இன்னொரு கண்ணு நல்லாத்தானப்பா இருக்கு?”

நாளைக்கு அதற்கும் வரும் என்றேன். மூன்று பேருக்கும் கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். மைனரை மாடிப்படிக்குக் கீழே தனியாகக் கட்டிவைத்தேன். போன வருஷம் எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது மிச்சமான சொட்டு மருந்து ஃபிரிட்ஜில் எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போனேன். புட்டியைப் பார்த்ததும் மைனர் தலையைத் திருப்பிவிடுவான். மருந்து அவன் காதில் விழும், என் முழங்காலில் விழும், தரையில் விழும். உள்ளே வந்து, கச்சிதமாக ஊற்றிவிட்டேன் என்று சொல்வேன்.

மூன்றாம் நாள் காலை கருவிழி மேல் நீலம் கலந்த வெள்ளைப் படலம். சோற்றைத் தொடவில்லை. எழுந்து வந்தவன் தண்ணீர்ச் சட்டியில் இடித்துக்கொண்டான். கண் போய்விட்டது என்றே நினைத்தேன். ஆட்டோ பிடித்தோம். மூன்று கறுப்புக் கண்ணாடிகளையும் பார்த்த டிரைவர் நிதானமாகக் கேட்டார்: “என்னண்ணே, நோயாளிக்கு மட்டும் கண்ணாடி இல்லையா?”

கால்நடை மருத்துவர் ஓர் இளம்பெண். கண்ணை மரத்துப்போகச் செய்து, இமையை மெல்ல விலக்கி, இடுக்கியால் எதையோ இழுத்தார். ஊசிப்புல். பிறகு ஒரு சாயம் விட்டு நீல விளக்கு அடித்ததும் கருவிழியில் ஒரு கீறல் பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு கண்ணை மட்டும் சுருக்கித் தேய்த்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். என் கையிலிருந்த புட்டியை வாங்கிப் படித்தவர் முகம் மாறியது.

“இத மூணு நாளா ஊத்துனீங்களா? இதுல ஸ்டீராய்டு இருக்கு, புண்ணு இருக்கப்ப இத ஊத்துனா கண்ணே போயிருக்கணுமே.”

எனக்கு வேறு வழியில்லை. மனைவியும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொட்டுகூடக் கண்ணுக்குள் போகவில்லை என்ற உண்மையைச் சொன்னேன்.

மருத்துவர் பெருமூச்சு விட்டார். செல்வி கண்ணாடியைக் கழற்றினாள். “இவுக கை எப்பவுமே அப்படித்தான் டாக்டரம்மா. அதுலதான் இவன் கண்ணு தப்பிச்சிருக்கு.”

பல நாள் மருந்துக்குப் பிறகு கண் தேறியது. (ஊற்றியது யாழினி.) ஓரத்தில் கடுகளவு வெள்ளைத் தழும்பு மட்டும் மிச்சம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்றும் என் கையிலிருந்து தட்டோ டம்ளரோ நழுவினால், “நல்லவேளை, மருந்து இல்ல” என்கிறாள் செல்வி.

யாழினி என் தொழிற்சாலையிலிருந்து பழைய பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, மைனர் படுக்கும் இடத்துக்கு மேலே மாட்டியிருக்கிறாள். என் மூன்று வரிகளுக்குக் கீழே மார்க்கரில் நான்காவதாக ஒன்று: ‘அப்பாவிடம் காட்டாதே.’