சோடனையரும் நாலு பிளக் பொயின்றும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலாவுக்குப் போட்டியாக நின்ற ஒரே மனிதர் எங்கள் சோடனையர்தான். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் மார்கழி மாதத்தில் ஒரு கிழமை அவருடைய வீட்டுக்கு எதிரே படுத்துப் பார்க்கட்டும். நான் மூன்று மார்கழி படுத்தவன். கண்ணுக்கு மேலே துவாயை மடித்துப் போட்டுக்கொண்டு படுத்தவன்.

அலங்காரத்தை எங்கள் பக்கத்தில் சோடனை என்போம். நத்தார் என்கிற கிறிஸ்மஸ் காலத்துச் சோடனையையே உயிராக வைத்திருந்தபடியால் அவர் சோடனையர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயரை அவரே மறந்துவிட்டதாக அவருடைய மனைவி ரோசக்கா சொல்லுவார். தெருவில் மற்ற எவருக்கும் அது தெரியாது. தபால்காரருக்கும் தெரியாது.

நான் பண்டத்தரிப்பான். தோட்டக்காரக் குடும்பம், சைவம். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் நாலு சிட்டி விளக்கை ஏற்றிவிட்டு, எண்ணெய் முடிந்ததும் படுக்கப் போகிற சனம் நாங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வரப் பஞ்சிப்பட்டு, குருநகரில் கடலோரத் தெரு ஒன்றில் மாடி அறை வாடகைக்கு எடுத்தேன். அது ஒரு கார்த்திகை மாதம். என் கெட்ட காலம் மாதம் பார்த்துத்தான் வந்திருக்கிறது.

பெட்டியை இறக்கி வைத்த அன்று மாலையே கதவில் தட்டு. யாழ்ப்பாணத்தில் புது ஆளைக் கண்டால் முதலில் எந்த ஊர் என்பார்கள், அடுத்து ஆருடைய மகன் என்பார்கள், மூன்றாவது கேள்விக்குள் பரம்பரை முழுவதையும் கறந்துவிடுவார்கள். நான் பதில்களைத் தயாராக வைத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். கட்டையான ஒரு மனிதர் நின்றார். இடுப்பில் சாரம், கையெல்லாம் கிறீஸ், கழுத்தில் எரியாத பல்ப் கோர்வை ஒன்று மாலையாகத் தொங்கியது.

"தம்பி, உங்கடை அறையிலை எத்தினை பிளக் பொயின்ற் இருக்கு?"

"ரெண்டு அண்ணை."

"ரெண்டும் வேணுமோ?"

ஒன்றில் கேத்தல், மற்றதில் போன் சார்ஜர் என்று விளக்கினேன். அவர் நெற்றியைச் சுருக்கி நிதானமாக யோசித்தார். பிறகு, தேத்தண்ணி ரோசா தருவா, நீங்கள் கேத்தலைக் கழட்டுங்கோ என்று சொல்லிவிட்டு, என் பெயரைக்கூடக் கேட்காமல் யன்னலால் வயரை உள்ளே விட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் கார்த்திகை தொடங்கித் தை வரை காலையும் மாலையும் எனக்குத் தேத்தண்ணி எதிர்வீட்டிலிருந்துதான் வந்தது. நல்ல தேத்தண்ணி. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

சோடனையருக்குத் தொழில், வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது. அதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் கார்த்திகைத் தொடக்கத்தில் ஆத்துமாக்கள் திருநாள் முடிந்ததும் பட்டறையைப் பூட்டிவிடுவார். தை மாதத்தில், நட்சத்திரம் பார்த்து யேசுபாலனைத் தேடி வந்த மூவிராசாக்களின் திருநாள் கழிந்துதான் திறப்பார். அந்தக் கரையில் எஞ்சின்கள் அதற்கு முன்னாலோ பின்னாலோதான் பழுதாக வேண்டும். ஒரு முறை இடையில் எஞ்சின் நின்றுபோன ஒருவர் அழாக்குறையாக வந்து நின்றார். சோடனையர் வள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, எஞ்சின் ஓடாவிட்டால் உந்த பற்றரி சும்மாதானே இருக்கு என்று கேட்டு அதையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அது சோடனையில் நின்ற நத்தார் தாத்தாவின் வண்டிக்குள் போனது.

அந்த வண்டியை இழுக்கும் கலைமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பியை வளைத்து உருவம் செய்து, அதன்மேல் பல்ப் சுற்றியிருந்தார். கலைமானை அவரும் கண்டதில்லை, தெருவில் எவரும் கண்டதில்லை. கண்முன்னால் நின்றது பக்கத்து வீட்டு ஆடுதான். அதைப் பார்த்துத்தான் அளவெடுத்தார் போலிருக்கிறது. நான் விசயம் தெரியாமல், ஆடு நல்ல வடிவாக வந்திருக்கிறது அண்ணை என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் தேத்தண்ணி வரவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் ஆட்டின் தலையில் பனைமட்டையில் செய்த இரண்டு பெரிய கொம்புகள் முளைத்திருந்தன. கலைமான் அற்புதம் என்றேன். தேத்தண்ணி திரும்பி வந்தது.

எரியாத கோர்வையில் எந்த பல்ப் செத்தது என்று தேடுவதைப் பார்க்க வேண்டும். முற்றத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பல்ப்பாக விரலால் தொட்டு, திருகி, அடுத்ததற்குப் போவார். செபமாலையில் இவருடைய விரல் இப்படி ஒரு நாளாவது ஓடியதில்லை என்பது ரோசக்காவின் முறைப்பாடு.

நத்தாருக்கு நாலு கிழமை முந்தி, திருவருகைக் காலத்து முதல் ஞாயிறு, மாலை ஆறரைக்கு மெயின் சுவிட்சைப் போடுவார். போட்டதும் தெரு முழுவதும் இருண்டுவிடும். "ஆ, சோடனையர் லைற் போட்டிட்டார்" என்று வீடு வீடாகச் சனம் சொல்லும். அன்றைக்குத் தெருவில் அயன்பெட்டியால் உடுப்பு மினுக்குகிறவர்கள் ஐந்து மணிக்கே மினுக்கி முடித்துவிடுவார்கள். பிறகு யாரோ வந்து பியூசைப் போட, அவர் இரண்டு வயரைக் கழற்றி என் அறைக்கு மாற்ற, எட்டு மணிக்குள் எல்லாம் பற்றிக்கொள்ளும். கூரை, மதில், கிணற்றுக்கட்டு, கோழிக்கூடு, ஒன்றும் மிச்சமில்லை. அந்த வீட்டுக் கோழிகள் மார்கழி முழுவதும் நித்திரை கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

பார்க்கச் சனம் வரும். ஓட்டோவில் வரும், லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் குடும்பம் குடும்பமாக வரும், பருத்தித்துறையிலிருந்து வான் பிடித்து வரும். அந்த நேரத்தில் சோடனையர் படலையடியில் நின்று குரோட்டன் செடிக்குத் தண்ணீர் விடுவார். வந்தவர்கள் சொல்வது ஒன்றும் தன் காதில் விழாத பாவனை. அந்தக் குரோட்டன் ஒரு பக்கத்தால் அழுகிப்போனதே அவர் ஒட்டுக் கேட்டதால்தான்.

ஏன் இந்த மனிசனுக்கு இந்த விசர் என்று வந்தவர்கள் கேட்டால் ரோசக்கா ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருப்பார்.

"எங்கடை கலியாணம் கரண்ட் இல்லாத காலத்திலை, ஜாம் போத்தலுக்கை திரி போட்ட விளக்கிலை நடந்தது. கரண்ட் வந்த அண்டைக்குத்தான் என்னை வடிவாப் பாத்தவர். அந்தப் பயத்திலைதான் இண்டைக்கும் லைற் போட்டுப் போட்டுப் பாக்கிறார்."

சனம் சிரிக்கும். சோடனையர் தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்.

மூன்றாம் வருடம்தான் வில்லங்கம் வந்தது. தீவுப் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் எஞ்சினை எடுக்க வந்த இடத்தில், உங்கடை லைற் எங்கடை கரைக்குத் தெரியிறேல்லை அண்ணை என்று சும்மா சொல்லிவிட்டுப் போய்விட்டார். சோடனையருக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. ஒரு கிழமை பிவிசி பைப்பை வெட்டினார், ஒட்டினார். இரண்டு ஆள் உயரத்தில் ஒரு நட்சத்திரம். அதைத் தன் வளவுக்குள் நின்ற பனையின் உச்சியில் ஏற்றிக் கட்டுவித்தார். அது எரிந்தபோது என் அறைக்குள் துவாயும் பயன்படவில்லை.

இங்கே கடலைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். எங்கள் கரைக்கு முன்னால் ஆழம் இல்லை, எங்கும் சேறு. வள்ளம் உள்ளே வர ஒரே ஒரு ஆழப்பாதைதான். தொழிலுக்குப் போனவர்கள் விடியப்புறம் திரும்பும்போது மாதா கோயில் கோபுரத்து விளக்கைக் குறி வைத்து வருவார்கள். கரையில் உயரத்தில் எரிவது அது ஒன்றுதான். நட்சத்திரம் ஏறிய மறுநாள் விடியப்புறம், கரையில் உயரத்தில் எரிந்தவை இரண்டு. பெரியது சோடனையருடையது.

மூன்று வள்ளங்கள் நேரே அதைப் பார்த்து வந்து சேற்றில் ஏறிக்கொண்டன. வள்ளத்துக்கு ஒருவராக மூன்று பேர் தொடையளவு சேற்றில் நடந்து சோடனையரின் பின்வளவால் கரையேறினார்கள். அவர் அப்போது பனையடியில் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடலிலிருந்து மூவர் நட்சத்திரத்தை நிமிர்ந்து பார்த்தபடி வருவதைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"நட்சத்திரத்தைப் பாத்தோ வந்தனியள்?"

மூவரில் முன்னுக்கு வந்தவர் கடற்றொழிலாளர் சங்கத் தலைவர். ரோசக்காவின் சொந்த அண்ணன். அவர் பொன்னும் கொண்டுவரவில்லை, தூபமும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அன்று மாலை சங்கம் கூடியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நட்சத்திரம் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் இனி அந்த வீட்டில் சோடனையே கூடாது என்று முடிவு. சோடனையர் சங்கக் கட்டடத்திலிருந்து நேரே வந்து படுத்துவிட்டார். இரண்டு நாள் சோறு தின்னவில்லை. வீட்டில் ஒரு பல்ப் எரியவில்லை. தெரு இருண்டு கிடந்தது. நான் மூன்று வருடமாக நேர்ந்து வைத்த இருட்டு கிடைத்தும், அதற்குள் எனக்குக் கண் மூடவில்லை. எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாம் நாள் ரோசக்கா சும்மா இருக்கவில்லை. தமையன் வீட்டுக்குப் போய், தடை போட்ட நீங்களே இந்த மனிசனை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்ப் பிழையைக் காட்டுங்கோ, கண்ணால் கண்டால் தானே கழட்டுவார் என்று சண்டை பிடித்திருக்கிறார். தலைவரும் சரி என்றுவிட்டார். அப்போதுதான் தெருவுக்கே ஒரு உண்மை வெளித்தது. நாற்பது வருடம் வள்ளத்து எஞ்சின் திருத்திய சோடனையர் வள்ளத்தில் ஏறியதே இல்லை. ஏறினால் தின்றதெல்லாம் சத்தியாக வெளியே வரும்.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பொழுது சாய்ந்த மைம்மல் நேரம். ஆழப்பாதையின் வாசலுக்குப் போவதற்குள் சோடனையர் மூன்று தரம் சத்தி எடுத்துவிட்டார். தலைவர் எஞ்சினை நிறுத்தினார். ரோசக்கா கரையில் இரண்டு விளக்கையும் போடச் செய்திருந்தார். நான்கூடக் குழம்பிப்போனேன். கோபுரம் எது, பனை எது என்று தெரியவில்லை.

சோடனையர் இரண்டு வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பிழை என்னிலைதான் மச்சான். கழட்டுறன்."

சொன்ன குரலில் உயிரே இல்லை. தலைவருக்கே ஒருமாதிரிப் போய்விட்டது. அவர் எஞ்சினை இழுக்கக் கயிற்றில் கை வைத்தார். சோடனையர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபுரத்து விளக்குத் தனியே நின்றால், நீங்கள் பாதையில் வாறியளோ, ஒதுங்கி வாறியளோ எண்டு என்னெண்டு தெரியும் என்று கேட்டார். பழக்கத்தில் தெரியும் என்றார் தலைவர். அதற்கு நேர் கீழே, கடல் பக்கமாகச் சிவப்பாய் இன்னொன்று எரிந்தால் என்று கேட்டார் சோடனையர். மேலும் கீழுமாக இரண்டும் ஒரே கோட்டில் தெரிந்தால் பாதை சரி, விலகினால் பிழை. தலைவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். சோடனையர் போனை எடுத்து ரோசக்காவைக் கூப்பிட்டு, ரோச் லைற்றைக் கொளுத்திக்கொண்டு கரையால் நடக்கச் சொன்னார்.

கரையில் சின்னதாக ஒரு வெளிச்சம் நகரத் தொடங்கியது. ஒரு கையால் வள்ளத்து விளிம்பையும் மறு கையால் போனையும் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கை அசையிற வெளிச்சம் தெரியுதோ?"

"ஓம் அண்ணை."

"கலியாணத்தண்டும் உப்பிடித்தான். ஜாம் போத்தலைக் கையிலை வைச்சுக்கொண்டு நிண்டவ. எனக்கு அவவின்ரை முகம் வடிவாத்தான் தெரிஞ்சது. உதை அவவுக்குச் சொல்லிப்போடாதை."

போனுக்குள்ளிருந்து ரோசக்காவின் குரல் வந்தது.

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன். இனி எந்தப் பக்கம் நடக்கிறது?"

தலைவர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். நானும் கடலைப் பார்த்தேன். சோடனையர் நாலாம் தரம் சத்தி எடுத்தார்.

ரோச் லைற் கோபுரத்துக்கு நேர் கீழே வந்து நின்றது. எங்கை நிக்கிறீர் என்று கேட்டார் சோடனையர். அண்ணன்ரை வீட்டு முற்றத்திலை என்றார் ரோசக்கா.

அப்படித்தான் நட்சத்திரம் சிவப்பு பல்ப் பூண்டு, சங்கத் தலைவரின் வீட்டுக் கூரைக்கு மேலே கம்பத்தில் ஏறியது. தொழிலுக்குப் போகிறவர்களுக்கு வருடம் முழுவதும் தேவை என்பதால், சித்திரையிலும் ஆடியிலும் அணைக்கக் கூடாது என்று சங்கமே தீர்மானம் போட்டது. தலைவர் இப்போது கண்ணுக்கு மேலே துவாய் போட்டுப் படுக்கிறார் என்று கேள்வி. எப்படி மடிப்பது என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சோடனையரின் வீட்டில் மற்ற பல்ப் எல்லாம் அந்த ஞாயிறே திரும்ப எரிந்தது. தெருவும் வழமைபோல இருண்டது.

அடுத்த வருடம் எனக்கு இடமாற்றம் வந்து ஊரோடு போய்விட்டேன். கலியாணம் முடித்து, அண்மையில் பண்டத்தரிப்பில் வீடும் கட்டினேன். வயர் இழுக்க வந்தவர், வெளிச்சுவரில் பிளக் பொயின்ற் எத்தனை என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள் மனைவி. நாலு என்றேன் நான். எங்கள் வீட்டில் நத்தாரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. நாலும் சும்மாதான் கிடக்கின்றன. ஆனாலும் கார்த்திகை மாதத்தில் கதவில் ஆராவது தட்டினால், நான் முதலில் கேத்தலைக் கழற்றிவிட்டுத்தான் போய்த் திறக்கிறேன்.