முக்காலும் இரண்டு திரைகளும்

ரிசப்ஷன் திரையில் ‘முயல், காதில் வீக்கம்’ என்று பளிச்சென்று இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டாக்டர் அறையில் இருந்த திரையில் ஓர் எழுத்துகூட இல்லை.

“டேய் முக்கால், இங்க ஒண்ணும் வரலையே!” என்றார் டாக்டர். அவர் இவனுடைய அண்ணன். அவர் மேஜைமேல் மூடிய கூடை ஒன்று இருந்தது. உள்ளே ஏதோ அசைந்தது.

“இதோ வந்துடும்ணே!”

முக்கால் இரண்டு அறைக்கும் நடுவே நான்காவது தடவையாக ஓடினான். அந்தப் பிராணிகள் மருத்துவமனையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்து, இரண்டாவது திரையை டாக்டர் மேஜையில் வைத்திருந்தான். இந்தத் திரையில் அண்ணி எழுதுவது அந்தத் திரையில் அண்ணனுக்குத் தெரிய வேண்டும். அதற்காக அவனே பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிய ப்ரோக்ராம் அன்றுதான் வேலைக்கு வந்திருந்தது.

அவனுக்கு வைத்த பெயர் வேறு. கிடாரை முக்கால்வாசி கற்றுக்கொண்டு விட்டான். வீட்டுச் சுவருக்கு முக்கால்வாசி பெயின்ட் அடித்துவிட்டுப் போய்விட்டான். நீச்சல் குளத்தில் முக்கால் தூரம் போனவனை நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைக் குடும்பமே நிறுத்திக்கொண்டது.

“சனிக்கிழமைக்குள்ள இதை முழுசா முடிச்சுக் காட்டு. அப்புறம் நம்ம குடும்பத்துல ஒருத்தரும் உன்னை முக்கால்னு கூப்பிட மாட்டாங்க. நான் பொறுப்பு” என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தார். இருபத்தெட்டு வயதில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய பரிசு வேண்டுமா என்ன!

மூன்று வாரத்துக்கு முன் வெளியூரிலிருந்து வந்து நண்பனின் அறையில் தங்கிக்கொண்டு, முதல்முறையாக இந்த மருத்துவமனைக்குள் நுழைந்தபோதே அவன் அசந்துபோனான். அப்படி ஓர் அமைதி! அண்ணன் உள்ளே, அண்ணி வெளியே ரிசப்ஷனில். நாள் முழுக்க ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அண்ணி சீட்டில் எழுதுவார். மருந்து கொடுக்கும் அக்கா அதை உள்ளே கொண்டுபோய் வைப்பார். மதியச் சாப்பாடுகூட அவரவர் இடத்தில் தனித்தனியாகத்தான். வேலை நேரத்தில் என்ன ஒழுங்கு என்று முக்கால் வியந்தான்.

“சீட்டும் வேண்டாம், தூக்கிட்டு ஓட ஆளும் வேண்டாம். அங்க எழுதினா இங்க தெரியணும்” என்றார் அண்ணன்.

“எனக்கும் அதேதான் தம்பி வேணும்” என்றார் அண்ணி.

சரி, இப்போது முயல் கூடைக்குள் காத்திருந்தது. முக்கால் ப்ரோக்ராமைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் ஆர்வம் வருகிற ஜென்மம் அவன். தகவல் இங்கே இருக்கிறது, அங்கே இல்லை. நடுவழியில் எங்கே காணாமல் போகிறது?

கண்டுபிடித்ததும் வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம் வந்தது. டாக்டர் திரை, ரிசப்ஷன் திரையிடம் போய்க் கேட்கவே இல்லை. தானாகப் புதிதாக இன்னொரு ரிசப்ஷன் திரையை உண்டாக்கி, யாரும் எதுவும் எழுதாத அதைப் பார்த்துவிட்டு, ‘காலி’ என்று வந்து சொல்லியிருக்கிறது. பக்கத்து வீட்டில் சாவி வாங்கிவா என்றால், புதுசாக ஒரு வீட்டைக் கட்டி, அதில் ஆளே இல்லை என்று திரும்பி வருகிற புத்திசாலி.

“அக்கா, அதுவரைக்கும் சீட்டுல எழுதிக் கொடுத்துடலாமே?”

“சீட்டுப் புத்தகத்தைக் காணோமே தம்பி. நேத்துதான் எங்கயோ வெச்சேன்” என்றார் அக்கா, மருந்துப் பாட்டில்களை அடுக்கியபடி.

உள்ளே அண்ணன் கனைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, சுவரைப் பார்த்து, “உள்ள வந்திருக்கிறது என்ன?” என்றார்.

வெளியே அண்ணி விரலை எடுக்காமல் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “முயல்” என்றார்.

தன்னால் ஓர் அமைதியான இடம் சந்தைக்கடை ஆகிறதே என்று முக்காலுக்கு அவமானமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேறு வழி பிடித்தான். இரண்டு திரைக்கும் பொதுவாக ஒரே ஓர் இடம். அண்ணி அதில் எழுதுவார், அண்ணன் அதிலிருந்தே படிப்பார். முதல் ஆள் வந்தபோது அற்புதமாக வேலை செய்தது. ஆனால் நாய் உள்ளே போனதும் அண்ணி அடுத்து வந்த ஆமையை எழுதிவிட்டார். உள்ளே நாயைத் தடவிக்கொண்டிருந்த அண்ணன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

“முதுகு ஓடு கெட்டியா இருக்கா?” என்று நாய்க்காரரைக் கேட்டார்.

“டாக்டர்?”

“தண்ணியில எவ்வளவு நேரம் விடுறீங்க?”

நாய்க்காரர் நாயை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முக்கால் மேஜைக்கு அடியில் ஒயரைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான்.

“இப்ப இருக்கிறது நாய்!” என்று வெளியிலிருந்து அண்ணி கத்தினார். “ஆமை அடுத்தது!”

“அதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“கேட்டாத்தானே சொல்ல முடியும்!”

அதில் நியாயம் இருந்தது போலும். அண்ணன் நாயின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதன்கிழமை, ஒன்றின்மேல் ஒன்று எழுதி அழியாமல் இருக்க, வந்ததையெல்லாம் வரிசையாகச் சேர்த்து வைக்கும்படி மாற்றினான். அது சேர்த்தது. சேர்த்துக்கொண்டே போனது. மதியம் ஓர் அம்மா பூனைக்குட்டியோடு உள்ளே போனபோது அண்ணன் திரையை வாய்விட்டுப் படிப்பது வெளியே கேட்டது.

“வகை: நாய், ஆமை, கிளி, பூனை. வயது: எழுபத்தி ஒண்ணு. தொந்தரவு: நொண்டுகிறது, சாப்பிடவில்லை, விருந்தாளிகளைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிறது, பால் மட்டும் குடிக்கிறது.”

“எங்க குட்டி திட்டாது டாக்டர்!” என்று அந்த அம்மா பதறினார்.

“என்னங்க, திட்டுறது கிளி!” என்று அண்ணி வாசல்வரை ஓடி வந்துவிட்டார். “எழுபத்தொண்ணு எல்லாத்துக்கும் சேர்த்து!”

உள்ளே அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து அண்ணியும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முக்கால் அப்படியே கூனிக் குறுகிப்போனான். அவர்கள் சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

வியாழக்கிழமை நிலைமை இன்னும் மோசம். மதியம் அண்ணி தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரைமணி நேரம் குசுகுசுவென்று பேச்சு. ‘என்னைப் பற்றிப் புகார்தான். பாவம், எவ்வளவு ஒழுங்காக இருந்தவர்கள்!’ என்று முக்கால் நொந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு முடிவோடு வந்தான். ஒட்டுப்போடுகிற வேலை இனி கிடையாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து யோசித்தான். ப்ரோக்ராம் தொடங்கும்போதே ஒரே ஒரு நோட்டுப் புத்தகம். அதே புத்தகத்தை இரண்டு திரை கையிலும் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு பிராணிக்கும் தனிப் பக்கம். உள்ளே இருப்பது வெளியே வந்து, அண்ணி ‘முடிந்தது’ பொத்தானை அழுத்தும்வரை டாக்டர் திரையில் பக்கம் புரளக் கூடாது. இவ்வளவுதானா! இவ்வளவு எளிமையான ஒன்றுக்கா நான்கு நாள் முழி பிதுங்கினோம் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் சோதித்துப் பார்த்தான். முயல் என்று எழுதினான், ஓடிப்போய்ப் பார்த்தான், முயல். ஆமையை எழுதினான், உள்ளே இன்னும் முயல்தான். ‘முடிந்தது’ அழுத்தினான்; ஆமை வந்தது, ஆமை மட்டும். பத்துத் தடவை சோதித்தும் பிசகவில்லை. பின்கட்டிலிருந்து அண்ணனும் அண்ணியும் எதற்கோ சிரிக்கும் சத்தம் கேட்டது. சிரிக்கட்டும், நாளைக்குத் தெரியும்!

“அக்கா!” என்று கத்தினான். “முடிஞ்சுது! முழுசா முடிஞ்சுது! வாழ்க்கையில முதல் தடவையா ஒண்ணை முழுசா முடிச்சிருக்கேன். நாளையிலிருந்து நான் முக்கால் இல்ல!”



அக்கா வந்து இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வாடிப்போயிற்று. மருந்து அலமாரியின் கடைசி இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து சீட்டுப் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இது காணோம்னீங்களே?”

“காணாமப் போகல. நான்தான் ஒளிச்சு வெச்சேன்.”

“ஏன்க்கா?”

அக்கா பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எட்டு மாசமா பேச்சு இல்லாதவங்க, இனிமேலும் பேசவே வேண்டாம்னுதான் தம்பி உங்ககிட்ட இதைக் கேட்டாங்க, இது கெட்டுப்போனதுல இருந்துதான் வாயைத் திறந்திருக்காங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இதை மட்டும் முக்கால்லயே விட்டுடுங்க!”