கேப்டனின் படகும் பக்கத்து வீட்டுச் சண்டையும்

மெட்ராஸில் கேப்டன் அளவுக்குப் படகைப் பற்றிப் பேசியவர் யாரும் கிடையாது. அவர் அளவுக்குப் படகுப் பக்கம் போகாதவரும் கிடையாது. மெரினாவில்கூட ஈர மணலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். கேப்டன் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்தவர். ரிடையராக இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கும்போதே வேலையை உதறிவிட்டு, சித்திரக்கட்டோடு எங்கள் ஆபீஸ் படியேறினார்.

"எதுக்கு சார் அதுக்குள்ள விட்டீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ரிடையர் ஆனப்புறம் படம் வரையலாம்னு இருக்காங்க. அப்ப கை நடுங்குது சார்."

அவருடைய சித்திரத் தொடரின் பெயர் 'படகு மாமா'. சீக்கிரமே வேலையை விட்ட ஒரு மனிதர் படகு வாங்கிவிடுகிறார். தினம் மூன்று கட்டம். அவர் துடுப்புப் போடுவார், மனைவி திட்டுவாள். அந்த மனைவியைக் கட்டத்துக்குள் பார்க்கவே முடியாது. அவள் பேச்சு மட்டும் ஓரத்திலிருந்து வரும். ஒரு நாள் மாமா, "ஐயோ, திமிங்கிலம்!" என்று அலறுகிறார். பதில் வருகிறது: "அது கெடக்கட்டும். ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேங்கோன்னு எத்தனை தரம் சொல்றது?"

மயிலாப்பூரும் தி. நகரும் விழுந்து விழுந்து சிரித்தன. அச்சுக்கூடத்தில் அவருக்குக் கேப்டன் என்று பெயர் வைத்தார்கள். "வீட்ல அம்மா நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கறாங்க போல!" என்பார் ஆசிரியர். கேப்டன் சிரிப்பதோடு சரி.

ஒரு மத்தியானம், கையில் பத்திரிகையும் முகத்தில் கோபமுமாக ஒரு மாமி வந்தார். பின்னால் ஒல்லியாக அவர் கணவர்.

"இதை எழுதறது யாரு? ஞாயித்துக்கிழமை இவரண்ட நான் சொன்னது செவ்வாய்க்கிழமை பேப்பர்ல வந்திருக்கு! ஊறுகா ஜாடியை உடைச்சதுக்குத் திட்டினேன். அதுவும் வந்துடுத்து, ஜாடிக்குப் பதிலா நங்கூரம்!"

"அது நன்னா இருந்தது," என்றார் கணவர். மாமி திரும்பிப் பார்த்தார். அவர் சுவர்க் காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

எந்த வீடு என்று விசாரித்தேன். மந்தைவெளியில் ஒரு ஓட்டு வீடு, இரண்டு போர்ஷன். அடுத்த போர்ஷனில் இருப்பவர் கேப்டன். நடுச்சுவர் கூரையைத் தொடாது.

"அவர் சம்சாரம் காதுல விழுந்து சொல்லியிருப்பாங்களோ?" என்று இழுத்தேன்.

"சம்சாரமா? அவருக்குக் கல்யாணமே ஆகலையே! அந்தப் பக்கம் ஒரு பாத்திரச் சத்தம்கூடக் கேக்காது."

அன்று சாயங்காலம் நான் போனபோது மாமியும் சண்டைக்குத் தயாராகக் கூடவே நுழைந்தார். கேப்டனின் மேஜை நடுச்சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"தப்புதாம்மா. ஆபீஸ்ல நாள் முழுக்க யாராவது பேசிக்கிட்டே இருப்பாங்க. வேலையை விட்டப்புறம் எங்கிட்டப் பேச ஆளில்ல. ஒரு நாள் நீங்க 'சாப்பிட வரேளா இல்லையா'ன்னு கத்தினீங்க." நடுச்சுவரைக் காட்டினார். "நான் எழுந்துட்டேம்மா."

மாமி தன் போர்ஷனுக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை ரகசியக் குரலுக்கு இறங்கிவிட்டது. பத்திரிகையில் மாமா கடலில் தனியாகத் துடுப்புப் போட்டார். மூன்று கட்டத்திலும் தண்ணீர்தான். மறுநாளும் அப்படியே. எங்கள் அச்சுக் கோக்கிற நாயுடு என்னை மடக்கினார்: "இன்னா சார், மாமிக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா? ஊட்ல கேட்டுக்கினே கீறாங்க."

ஆசிரியர் பொறுமையிழந்தார். "மாமி பேசலேன்னா படகைக் கரையேத்திடுங்க!"

தொடரை நிறுத்தப்போகிறோம் என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மந்தைவெளிக்குப் போனேன். கேப்டன் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"சரி சார். நானே கேள்வி கேட்டு நானே பதில் சொல்லிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வரல."

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஓடு அதிர ஒரு குரல் கிளம்பியது.

"ஏன்னா! அங்க ரெண்டு பேர் வெறும் வயித்தோட பேசிண்டிருக்கா, காதுல விழல? தூணாட்டம் நிக்காதேங்கோ. போய்க் கூட்டிண்டு வாங்கோ!"

கணவர் வாசலில் வந்து நின்றார். "தயவுபண்ணி வாங்கோ. நீங்க வரலேன்னா எனக்குத்தான் விழும்."

கேப்டன் கையிலிருந்த பேனாவை மூடக்கூட மறந்து எழுந்து போனார். சாப்பிட உட்கார்ந்ததும் மாமி அவரைப் பிடித்துக்கொண்டார். குனிந்து சாப்பிடுவது தப்பு, மோர் வேண்டாம் என்பது தப்பு, நாலு நாள் தாடி மகா தப்பு. "இதையும் பேப்பர்ல போடுங்கோ, எனக்கென்ன பயமா?" என்றார். கேப்டன் ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டி, இன்னொரு கரண்டி சாதம் வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாமி பத்திரிகையில் பேசினார். அப்புறம் வருஷக்கணக்காக ஓயவில்லை.

கேப்டன் போய் நெடுங்காலம் ஆகிறது. இன்றைக்கும் ஏதாவது ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தெரு கேட்கச் சண்டை போட்டால், நான் நடையைக் குறைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் அவர் இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்றுதான் தோன்றுகிறது.