ஏல மணியும் என் கன்னமும்

ஏல மணி தப்பான நேரத்தில் அடித்த அன்று பாலக்கோடு தக்காளி மண்டியில் இருந்தவர்கள்: முதலாளி, வியாபாரிகள் பதினோரு பேர், பெட்டி இறக்கும் நான், எடை எழுதும் லேபிள் அண்ணன். உலகத்தில் அச்சடித்த எழுத்தெல்லாம் தனக்கு வந்த கடிதம் என்று நம்பிய ஒரே மனிதர் அவர்தான். உறையைப் படித்து முடிக்காமல் பிஸ்கட்டைத் தொட மாட்டார். அதற்குள் டீ ஆறிவிடும்.

நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கவலைப்படுவதை மட்டும் விடவில்லை. கன்னத்தில் கருப்பாக ஒரு படை வந்ததும், அது முகம் முழுக்கப் பரவி, ரேஷன் கார்டில் இருப்பது நானில்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டாக்டர், "வெயில்ல நிக்காதீங்க, பரவும்" என்றார். நிழலிலேயே நிற்க நான் என்ன தராசா? பிறகு மனமிரங்கி வெயிலுக்குப் பூசும் கிரீம் எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் ஆனது. படைதான் பெரிதானது. அழாத குறையாக லேபிள் அண்ணனிடம் டியூபை நீட்டினேன்.

"எவ்வளவு போட்ட?"

"மொத நாளு ஒரு சொட்டுங்கண்ணா. அம்பதுன்னு போட்டிருக்குதுங்களே, அம்பது நாளைக்குத் தாங்கும்னு..."

"ஏம்பா, இது என்ன வண்டி இன்சூரன்ஸா? அம்பதுங்கறது தோல் வேகாம எவ்வளவு தடுக்கும்ங்கற கணக்கு. பக்கத்துல பிஏ, நாலு பிளஸ் இருக்குதே, அது கருக்காம இருக்க. வெயில்ல வெந்த தக்காளியக் கழிச்சுப் போடறியே, உம்மூஞ்சி எந்தப் பெட்டிக்குப் போவும்? ரெண்டு வெரல் நீளம் புழியணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. எறும்பு சைஸ்ல எழுதியிருக்கான், தெரியலன்னா கேக்க மாட்டியா?"

"நேரம் மறந்துடுமுங்கண்ணா."

"நான் எதுக்கு இருக்கறேன்?"

சரியாகப் பத்து மணிக்கு ஏல மணி அடித்தது. டீயைப் பாதியில் விட்டுப் பதினோரு வியாபாரிகளும் ஓடி வந்தார்கள்.

"எந்தச் சரக்குங்க?"

"சரக்கில்லைங்க. இவன் கிரீம் போடற நேரம்."

முதலாளி மரியாதையோடுதான் கத்தினார். "இன்னொருக்கா மணியத் தொட்டீங்க, அப்படியே வூட்டுக்குப் போயிருங்க!"

அண்ணன் மணியைத் தொடவில்லை. மறுநாளிலிருந்து பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் கொட்டகையை விட்டு வெயிலில் நடந்து வந்து, நான் பூசி முடிக்கும் வரை எதிரில் நின்று, டியூபின் பின்பக்கத்தைச் சத்தமாக வாசித்தார். மண்டிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

சில மாதங்களில் படை மங்கியது. நிம்மதியாக நிமிர்ந்தபோதுதான் அவர் வழுக்கையைப் பார்த்தேன். வெந்து, பூண்டுத் தோலாய் உரிந்திருந்தது.

"நீங்க போட்டுக்கலீங்களாண்ணா?"

"நானு நிழல்ல வேல செய்யறவன்பா," என்றார், நடு வெயிலில் நின்றபடி.

இரண்டு விரல் நீளம் பிழிந்து நானே தடவினேன். வாசிப்பதை நிறுத்தாமல், தலையை மட்டும் குனித்துக் கொடுத்தார்.