கேமரா விழுங்கிய படங்கள்

காலையில் எடுத்த படம் மதியத்துக்குள் காணாமல் போயிருந்தது.

லிப்ட் ஆய்வாளர் கேமராவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே எதுவும் உருளவில்லை.

"அதென்ன உண்டியலா, இந்த ஆட்டு ஆட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"நீ கொட்டாவி விடுறப்ப எடுத்தேனே, அதைக் காணோம்."

"போனாப் போகுது."

வேலைக்காலம் முழுக்க லிப்டுகளைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்கியவர் அவர். நம்பியது தன் பழைய பிலிம் கேமரா ஒன்றைத்தான். பிலிம் கிடைப்பதே குதிரைக்கொம்பான பிறகு, மாப்பிள்ளை வாங்கித் தந்த டிஜிட்டல் கேமராவை அரை மனதோடு கையில் எடுத்திருந்தார்.

அடுத்து, வாய் நிறையச் சாப்பாட்டோடு மனைவி திரும்பிப் பார்த்த படம் போனது. பிறகு, சோபாவில் அவள் வாய் பிளந்து தூங்கிய படம். ஆய்வாளருக்குப் பொறி தட்டியது. மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

"இதுல வைஃபை இருக்குன்னு சொன்னீங்கல்ல? அங்க இருந்தபடியே உள்ள பூந்து அழிக்கிறீங்களா? அத்தை மேல அப்படி என்ன கோவம் உங்களுக்கு?"

"மாமா, நான் ஏன் மாமா..."

"ஏன்னு நான்தான் கேக்கணும்!"

மறுமுனையில் போன் கை மாறியது. "அப்பா, இனிமே அவர்கிட்ட பேசணும்னா என்னைக் கேட்டுட்டுப் பேசுங்க," என்று மகள் பட்டென்று வைத்துவிட்டாள்.

வைஃபையை அணைத்தார். கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தச் சட்டையை மனைவிதான் துவைக்க எடுத்துப் போனாள். மறுநாள் இன்னொரு படம் அம்போ.

"அதுக்கே பிடிக்காததை அது வச்சுக்கல போல," என்று மனைவி ஆறுதல் சொன்னாள்.

படங்களைப் பூட்டிவைக்க வழி தேடி மெனுவுக்குள் நுழைந்தார். கேமரா ஏதோ கேட்டது. மூக்குக்கண்ணாடி இல்லாமலே 'சரி' என்று அழுத்தினார்.

மொத்தமும் துடைத்துவிட்டாற்போல் காலி. பேத்தி எடுத்து வைத்த முதல் அடி உட்பட.

"அதைத் திரும்ப எடுக்க முடியுமாப்பா?" என்று மகள் போனில் அழுதாள்.

அத்தனை காலமும் அவருடைய பிலிம்களைக் கழுவித் தந்த ஸ்டுடியோக்காரரிடம் ஓடினார். மனைவியும் கூடவே வந்தாள்.

"கவலைப்படாதீங்க சார், அழிச்சதெல்லாம் திரும்ப வந்துடும்."

"எல்லாமேவா?" என்றாள் மனைவி.

"எல்லாமே."

"பேத்தி படம் போதும். மத்ததை விட்டுடுங்க."

ஆய்வாளர் முதல்முறையாக மனைவியை ஒரு லிப்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

திரையில் பேத்தி கைகளை விரித்தபடி தள்ளாடி வந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்குப் பின்னாலேயே கொட்டாவியும் சாப்பாடும் சோபாவும் வரிசை கட்டி வந்தன.

"நீதானா?"

"பாருங்க, நல்லாவா இருக்கு?"

பார்த்தார். நன்றாக இல்லைதான். மனம் இளகியது.

"உன்மேல தப்பில்ல. இத்தனை வருஷம் பிலிம்ல எடுத்தேனே, ஒரு படத்துலயாவது நீ இப்படி விழுந்திருக்கியா? எல்லாம் இந்த டிஜிட்டல் பண்ற வேலை!"

மனைவி ஸ்டுடியோக்காரரைப் பார்த்து அவசரமாகக் கண்ணைக் காட்டினாள். அவர் திரையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"பிலிம் காலத்துல மாதிரி சாருக்கு முன்னாடி நீங்க கடைக்கு வந்திருந்தா, இதையெல்லாம் நானே வெட்டித் தூக்கிப் போட்டிருப்பேனேக்கா!"