தாழ்ப்பாள் நீங்கலாக எண்பதாயிரம்

உலக வரலாற்றில் ஒரு குளியலறைக்காகப் பதினான்கு கூட்டங்கள் நடத்தி, ஒருவர்கூடக் குளிக்காமல் கலைந்த பெருமை மரக்காணத்தில் எங்கள் வீட்டுக்கே உரியது. டெல்லியிலும்தான் வருஷா வருஷம் பட்ஜெட் போடுகிறார்கள். அவர்களுக்கு ஆயிரம் அதிகாரிகள், ஏசி அறைகள், அச்சகம். எனக்கு இருந்ததோ ஒரு நாற்பது பக்க நோட்டும், ஏழாம் எண் அழுந்தாத ஒரு கால்குலேட்டரும்தான். அதை வைத்துக்கொண்டே ஒரு பைசா துண்டு விழாத பட்ஜெட் போட்டேன். அடக்கம் கருதி இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெயர் சகாதேவன். உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். என் மனைவி அம்சவள்ளி உப்பளத்தில் உப்பு வாருகிறாள். அவள் வாரியதை நான் எழுதுகிறேன். எழுதுகிற வேலை கடினமானது என்பதால் வீட்டில் ஃபேனுக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி எனக்கு.

பழைய குளியலறை வீட்டின் பின்பக்கம், அடுத்த தெருவுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை ஒட்டி இருந்தது. தகரக் கதவு. கல்யாணமான புதிதில் அதில் ஓர் இரும்புத் தாழ்ப்பாளும் இருந்தது. உப்புக்காற்று அதை ஆறே மாதத்தில் தின்று ஏப்பம் விட்டது. அதன் பிறகு பதினோரு வருஷமாக அம்சவள்ளி ஓர் 'ஒலிச் சமிக்ஞை முறை'யைக் கடைப்பிடித்து வந்தாள். விடியும் முன்பே உப்பளத்துக்குப் போய், பகல் பதினோரு மணிக்குத் திரும்புவாள். கதவுக்கு முட்டாக ஒரு குடம் தண்ணீரை வைப்பாள். ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குளிப்பாள். பாதையில் காலடி கேட்டால் இருமுவாள். காலடி நெருங்கினால் சொம்பால் வாளியைத் தட்டுவாள். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். தண்ணீர்ச் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல திட்டம் எந்த நாட்டிலும் கிடையாது. அந்தக் கதவால் எனக்கு ஒருநாளும் ஒரு சிரமமும் வந்ததில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

சென்ற தை மாதம் அம்சவள்ளிக்குச் சீட்டு விழுந்தது. எண்பதாயிரம் ரூபாய். பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்:

"பாத்ரூம நல்லா பண்ணிடலாங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். உள்ள ஒரு தாப்பா மட்டும் இருந்தா போதும்."

ஒரு சாமானியப் பெண்ணின் கோரிக்கை அது. அதை நான் உதாசீனப்படுத்தவில்லை. உடனே ஒரு நிதிக்குழு அமைத்தேன்.

தலைவர் நான். கலை ஆலோசகர் என் மச்சான் கௌதம். அம்சவள்ளியின் தம்பியான அவன் ஆரோவில் பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் பாத்ரூம் கழுவுகிறான். தொழில்நுட்ப ஆலோசகர் பக்கத்து வீட்டு நிஜாமுதீன் பாய். ஷார்ஜாவில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அம்சவள்ளிக்கு 'சிறப்பு அழைப்பாளர்' தகுதி அளிக்கப்பட்டது. அதாவது, டீ கொண்டு வரும்போது அவள் அறைக்குள் வரலாம்.

முதல் கூட்டத்திலேயே கௌதம் கண்களை மூடிக்கொண்டான்.

"மாமா, பாத்ரூம்ன்றது குளிக்கிற எடம் இல்ல. அது ஒரு அனுபவம். எங்க கெஸ்ட் ஹவுஸ்ல ஒரு பிரெஞ்சுக்கார அம்மா ஒருமணி நேரம் உள்ளயே உக்காந்திருக்குது."

"வயித்துக் கோளாறாடா?" என்று கேட்டார் பாய்.

"தியானம் பாய்! கீழ கூழாங்கல்லு, மூலையில மூங்கில் செடி, சிரிக்கிற புத்தர் சோப்பு டப்பா. அப்பதான் மனசு அடங்கும்."

"கூழாங்கல்லு எதுக்கு? ஷார்ஜால சேக்கு வூட்ல பாத்திருக்கேன். ரெயின் ஷவர்! மேல தட்டு மாதிரி இருக்கும். தொறந்தா மழை. குரோமியம் பூசுனது, இன்டர்நேஷனல் ஐட்டம். கமோடு செவத்துல தொங்கணும். தரையில வெக்கிறதெல்லாம் போன தலைமுறை சகாதேவண்ணே."

"தொங்குறது கீழ வுழுந்துடாதா?" என்று கேட்டேன்.

"இன்ஷா அல்லாஹ் வுழாது."

இத்தனை நம்பிக்கையுடன் ஒருவர் சொன்னபிறகு எழுதாமல் இருக்க முடியுமா? எழுதினேன். தொங்கும் கமோடு பதினெட்டாயிரத்து ஐந்நூறு. ரெயின் ஷவர் ஒன்பதாயிரத்து எண்ணூறு. புத்தர் அறுநூற்றைம்பது. டீத் தம்ளர்களை எடுக்க வந்த அம்சவள்ளி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"தாப்பா எழுதிட்டீங்களா?"

"எல்லாம் வரும். மொதல்ல கொள்கை முடிவு எடுக்கணும்" என்றேன்.

இரண்டாம் கூட்டம் டைல்ஸின் நிறம் பற்றியது. மூன்றாவதும் அதே. நான்காவதில் ரெயின் ஷவருக்குத் தண்ணீர் மேலிருந்து வர வேண்டும் என்ற உண்மை வெளிப்பட்டது. எங்கள் வீட்டில் மேல்நிலைத் தொட்டி கிடையாது. நல்ல தண்ணீர் தெருக்குழாயில், ஒருநாள் விட்டு ஒருநாள், குடத்தில் வருகிறது. 'தொட்டி இரண்டாம் கட்டத்தில் பரிசீலிக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேற்றிக் கலைந்தோம். மழையே வானத்தை நம்பித்தான் பெய்கிறது. ஷவர் மட்டும் அவசரப்பட வேண்டுமா?

ஒன்பதாம் கூட்டத்தில்தான் அந்த வரலாற்று நெருக்கடி வந்தது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஏழாம் எண் வேலை செய்யாததால் மூன்று முறை கூட்டினேன். எண்பதாயிரத்து நூற்றிருபது. பட்ஜெட்டில் நூற்றிருபது ரூபாய் துண்டு!

மூங்கில் செடியைக் குறைக்கலாமா என்று கேட்டேன். கௌதமின் முகம் செத்துப்போயிற்று. புத்தரை நீக்கலாமா? "புத்தர எடுத்துட்டா அப்புறம் அது வெறும் பாத்ரூம் மாமா" என்று தழுதழுத்தான். ஷவர் மேல் கை வைத்தால் ஷார்ஜாவுக்கும் மரக்காணத்துக்கும் உள்ள நல்லுறவு கெட்டுவிடும். நோட்டை மேலிருந்து கீழே தடவினேன். கடைசி வரியில் என் விரல் நின்றது.

'தாழ்ப்பாள், ஒன்று, ரூ. 120.'

என்ன பொருத்தம்! நிதியமைச்சர்களுக்குக் கனவில்கூட வராத பொருத்தம். சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"அக்கா கேட்டுச்சே மாமா?" என்றான் கௌதம்.

"உணர்ச்சிவசப்படக் கூடாதுடா. இந்த உப்புக்காத்துல தாப்பா எவ்ளோ நாள் தாங்கும்? ஆறு மாசம். துருப்பிடிக்கிற பொருளுக்குச் செலவு பண்றது நிதி ஒழுங்கீனம்."

"மாஷா அல்லாஹ், என்ன தெளிவு!" என்றார் பாய். ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய் ஷவரும் அதே காற்றில்தான் நிற்கப் போகிறது என்பது எங்கள் மூவரில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை. கூட்டம் கரவொலியுடன் முடிந்தது.

வாசற்படியில் டீத் தட்டுடன் அம்சவள்ளி நின்றுகொண்டிருந்தாள். நான் அடித்த கோட்டைப் பார்த்தாள். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான். மக்கள் பட்ஜெட்டை வரவேற்றதாக நோட்டில் குறித்துக்கொண்டேன்.

வேலை ஐந்து மாதம் நடந்தது. அதுவரை அம்சவள்ளி நான்கு குச்சியில் கட்டிய பழைய புடவைக்குள் குளித்தாள். அது தற்காலிக ஏற்பாடு. இருமல் மட்டும் பழையபடியே தொடர்ந்தது. ஷவரை முதலிலேயே மாட்டிவிட்டதால் திறப்பு விழாவுக்குள் அது பழுத்த இலந்தைப்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. "ஆன்டிக் ஃபினிஷிங் மாமா, ஆரோவில்ல இதுக்குத் தனி ரேட்டு" என்று கௌதம் தைரியம் சொன்னான்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, ரிப்பன் சிவப்பா பச்சையா என்பதற்கான பதினான்காவது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பின்பக்கம் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. 'இறுதிக்கட்டப் பணிகள் மும்முரம்' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரிப்பன் வெட்டினேன். பாய் மிட்டாய் கொடுத்தார். அடுத்து, யார் முதலில் உள்ளே போவது என்ற கேள்வி எழுந்தது. தலைவரா, ஆலோசகரா? இருபது நிமிஷம் விவாதித்தோம். அப்போது உப்பளத்திலிருந்து அம்சவள்ளி வந்தாள். முழங்கால்வரை உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. பாதங்களில் வெடிப்பு. குடத்து நல்ல தண்ணீரை இரண்டு வாளிகளில் நிரப்பி எடுத்துக்கொண்டு, எங்கள் மூவருக்கும் நடுவே நடந்து, உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே கட்டைமேல் கட்டை விழும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. இருமல் இல்லை. சொம்புச் சத்தம் இல்லை. பாதையில் ஆறேழு பேர் போனார்கள், வந்தார்கள். உள்ளே கப்சிப்.

"என்ன மாமா, அக்கா இருமவே மாட்டேங்குது?" என்று பயந்தான் கௌதம்.

எனக்கும் திக்கென்றது. கதவைத் தள்ளினேன். அசையவில்லை. பதினோரு வருஷத்தில் எங்கள் குளியலறைக் கதவு எதிர்த்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அம்சா! கதவுக்கு என்னா ஆச்சு?"

"தாப்பா போட்டிருக்கேன்."

"தாப்பாவா? பட்ஜெட்ல இல்லயே!"

"ஒடஞ்சுபோன உப்புப் பலகைங்க. அளத்துல சும்மா கெடந்துச்சு. நெலைக்கு ரெண்டு பக்கமும் கட்ட அடிச்சு, குறுக்க ஒண்ணு சொருவியிருக்கேன். ஆணிகூட மரம்தான்."

உப்பளத்தில் உப்பு வாருவது மரப்பலகையால்தான். இரும்பு அங்கே நிற்காது என்பது மரக்காணத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நிதிக்குழுவுக்கு மட்டும் யாரும் தகவல் அனுப்பவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்?" என்றேன்.

"பதினோரு வருஷம் பாக்கி இருக்குது. நில்லுங்க."

நின்றோம். ஒருமணி நேரம் நின்றோம். உள்ளே நிதானமாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. நடுவில் ஒரு பாட்டுகூட வந்தது. அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். சந்தோஷமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஷவரை அவள் திறக்கவே இல்லை. புத்தர் சிரித்துக்கொண்டிருந்திருப்பார்.

கதவு திறந்தது. தலையில் துண்டு சுற்றி, முகம் மலர, வெடித்த பாதங்களில் எண்ணெய் தடவி வந்தாள்.

"இப்ப நீங்க போங்க, தலைவரே."

கம்பீரமாக உள்ளே போனேன். சட்டையைக் கழற்றினேன். பாதையில் யாரோ வரும் சத்தம். வழக்கம்போலக் குரல் கொடுத்தேன்:

"அம்சா, வெளிய நில்லு! யாரும் வராம பாத்துக்க!"

"நான் எதுக்கு? அதான் தாப்பா இருக்குதே. போட்டுக்கிட்டுக் குளிங்க."

காலடி நெருங்கியது. பலகையை எடுத்து இப்படிச் செருகினேன், அப்படிச் செருகினேன். காலில்தான் விழுந்தது. பதினான்கு கூட்டங்களுக்குத் தலைமை தாங்கியவனுக்கு ஒரு தாழ்ப்பாள் போடத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவசியம் வந்ததே இல்லை. நான் குளித்த நாளெல்லாம், உப்புக்காலோடு வெளியே நின்று காவல் காத்த என் தாழ்ப்பாளின் பெயர் அம்சவள்ளி. அவளைத்தான் நான் சிவப்புப் பேனாவால் அடித்து, நூற்றிருபது ரூபாய் மிச்சம் என்று எழுதியிருந்தேன்.