மருமகன் காதில் ஏறிய பட்டியல்

கிட்டெங்கெலா,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு.

'உஜும்பே' வார இதழின் தொழில்நுட்பப் பக்க ஆசிரியர் அவர்களின் சமுகத்துக்கு,

ஓய்வுபெற்ற அரசு நில அளவையாளர் ஹெசேகியா லுஸ்வேட்டி எழுதிக்கொண்டது. நானும் என் மனைவி நசிமியுவும் பிள்ளைகளும் ஆண்டவர் தயவில் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நல்ல உடல்பலத்தோடு இருக்க வேண்டும் என்று உளமார விரும்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்க அது தேவைப்படும்.

மென்பொருள் பிரியர்கள் தவறவிடக் கூடாத பாட்காஸ்ட்டுகள், புத்தகங்கள் என்று தங்கள் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். அது எங்கள் வீட்டுக்கு, எண்ணெயில் பொரித்த மண்டாசியை மடித்த பொட்டலமாக வந்து சேர்ந்தது. மண்டாசியைத் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கி எறிவதுதான் நைரோபிப் பக்கத்தில் மனிதர்கள் செய்வது. என் மூத்த மகள் எடித்தின் கணவன் சிலாஸ் முக்வானா மண்டாசியை அப்படியே வைத்துவிட்டு, எண்ணெய் ஊறிய காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தான். மருமகனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தில் அது முடியாது, மன்னிக்கவும்.

சிலாஸ் கெட்டவன் இல்லை. பால் சேகரிக்கும் சங்கங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை. சொந்த வீட்டுக்குக் கூரை போட்டு முடிக்கும் வரை எடித்தோடு எங்கள் பின்கட்டில் தங்கியிருக்கிறான். பட்டியல் வருவதற்கு முன்பு என்னைக் கண்டால் நின்று கும்பிடு போடுவான், வானொலிப் பெட்டியைப் பழுது பார்ப்பான், மாமியார் வரும் வழியில் குறுக்கே நிற்க மாட்டான். பட்டியல் வந்த பிறகு அவன் காதுகளை நாங்கள் பார்க்கவே இல்லை. குளிக்கும்போதும் இயர்போன், கோழிக்குத் தீனி போடும்போதும் இயர்போன். பட்டியல் நீளமாம், ஆயுள் குட்டையாம், ஆகவே எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறான். கேட்டுக் கேட்டு அவன் பேச்சும் அந்த வேகத்துக்குப் போய்விட்டது. ஒருநாள் சாப்பாட்டு ஜெபத்தை அவனிடம் கொடுத்தேன். நான் கண்ணை மூடுவதற்குள் ஆமென் சொல்லிவிட்டு உகாலிக் களியைப் பிட்டுக்கொண்டிருந்தான். அந்த ஜெபம் மேலே போய்ச் சேர்ந்திருக்குமா என்று எனக்கு இன்னமும் சந்தேகம்.

குற்றம் சொல்கிறவன் விஷயம் தெரிந்து சொல்ல வேண்டும் என்பதால் தங்கள் பட்டியலின் மூன்றாம் எண் பாட்காஸ்ட்டை நானும் கேட்டேன். இரண்டு ஆண்கள். முதலில் அவர்கள் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பற்றிப் பேசினார்கள். காபி எங்கள் நாட்டில்தான் விளைகிறது, எங்களில் யாரும் அதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை. பிறகு ஒருவர் சொன்னதற்கு மற்றவர் சிரித்தார். அவர் சிரித்ததற்கு இவர் சிரித்தார். நடுவில் ஒரு மெத்தை விளம்பரம். அதற்குப் பிறகு 'விஷயத்துக்கு வருவோம்' என்றார்கள், வந்தார்கள், நேரமாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார்கள். புத்தகங்களைப் பற்றி என்ன சொல்ல. எளிமையாக மென்பொருள் எழுதுவது எப்படி என்று ஒன்று. கூரியர்க்காரர் அதை இறக்கி வைத்தபோது சோளமாவு மூட்டை என்று நினைத்து எடித் அதைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள். சொன்ன தேதியில் வேலையை முடிப்பது எப்படி என்று இன்னொன்று. புத்தகம் தாமதமானதற்காக அதை எழுதியவர் முன்னுரையிலேயே பதிப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். இதையெல்லாம் தாங்கள் படித்துவிட்டுத்தான் சிபாரிசு செய்தீர்களா, அல்லது அட்டையின் நிறம் பார்த்துப் பொறுக்கினீர்களா என்பதைத் தெரிவிக்கவும்.

படித்ததோடு நின்றிருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சிலாஸ் அதையெல்லாம் எங்கள் வீட்டில் அமல்படுத்தினான். காலையில் வீட்டார் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டுமாம், நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது தடுக்கிறது என்று ஆளுக்கு ஒரு நிமிடம் சொல்ல வேண்டுமாம். எங்கள் லுஹ்யா இன வழக்கத்தில் மாமியாரும் மருமகனும் எதிரெதிரே உட்காரக் கூடாது. நின்றால் தப்பில்லை என்று இவன் கண்டுபிடித்து, சமையலறை வாசலிலேயே கூட்டத்தை நடத்தினான். முதல் நாள் தன் முறை வந்தபோது நசிமியு அவன் முகத்தைப் பார்க்காமல் பானையைப் பார்த்தபடி சொன்னாள்:

"என்னைத் தடுக்குறது நீங்கதான் மாப்ள. அடுப்ப மறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

அதை அவன் கைப்பேசியில் பதிந்துகொண்டான். நகர்ந்து நிற்கவில்லை.

அடுத்தது ஒரு புத்தகம். மனிதன் ஒரு வேலையை இரண்டாவது தடவை செய்தால் அதை இயந்திரத்திடம் கொடுத்துவிட வேண்டும் என்று அதில் இருக்கிறதாம். அந்த எழுத்தாளருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது. சிலாஸ் எங்கள் வெளிக்கேட்டுக்குக் கைப்பேசியில் திறக்கிற பூட்டு போட்டான். அது ஒழுங்காக நடக்கவும், சந்தோஷம் தாங்காமல் கோழிக் கூண்டின் கதவுக்கும் அதே மாதிரி ஒன்றை மாட்டினான். கேட்டில் இருந்த என் பழைய தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தான். முப்பது வருடம் இந்த நாட்டின் எல்லைக்கற்களை அளந்தவன் நான், என் வீட்டுக்குள் நுழைய மருமகனிடம் அனுமதி கேட்டு நின்றேன்.

இப்போது கடிதத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன். என் இளைய மகள் லோயிஸ் செவிலியர். டிக்சன் என்ற பையனை விரும்பினாள். பெண்ணுக்காகத் தர வேண்டிய மாடுகளைப் பேசி முடிக்க அவன் வீட்டார் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஒரு சனிக்கிழமை குறித்தோம். அவர்கள் தரப்பில் பேசுவதற்கு டிக்சனின் பெரியப்பா ஷிதாண்டா. கோபக்காரர். போன வருடம் ஒரு பெண் வீட்டில் தேநீர் ஆறிப்போயிருந்தது என்று சம்பந்தமே வேண்டாமென எழுந்து வந்தவர். நசிமியு அதற்காகவே சேவல்களை மாதக்கணக்கில் வளர்த்தாள். லுஹ்யாக்காரனுக்குக் கோழி போடாமல் பெண் கொடுத்ததாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை.

அன்று காலையில் சிலாஸ் பூட்டு மென்பொருளைத் திருத்தி ஏற்றியிருக்கிறான். விருந்தாளி வருகிற நாளில் ஏன் கை வைத்தாய் என்று பிறகு கேட்டேன். "வெள்ளிக்கிழமைல எதையும் மாத்தக் கூடாதுன்னுதான் பாட்காஸ்ட்ல சொன்னாங்க மாமா, இன்னைக்கு சனி" என்றான். வேன் வந்து கேட்டுக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சிலாஸ் கைப்பேசியை அழுத்தினான். கேட் அசையவில்லை. பின்னால் ஏதோ கிர்ரென்று சத்தம். மறுபடியும் அழுத்தினான், மறுபடியும் கிர். ஐந்தாறு தடவை அழுத்திய பிறகு நசிமியு பின்கட்டிலிருந்து அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அவளுக்கு முன்னால் சேவல்கள் ஓடிவந்தன. இவன் கேட்டைத் திறக்க அழுத்திய ஒவ்வொரு தடவையும் கோழிக் கூண்டு திறந்து மூடியிருக்கிறது.

கம்பி கேட் என்பதால் உள்ளே நடப்பது வெளியே நிற்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர்கள் கண்ணால் பார்த்தது என்னவென்றால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் வெயிலில் புழுதியில் நிற்கிறார்கள், பெண் வீட்டார் அவர்களைக் கவனிக்காமல் கோழி துரத்தி விளையாடுகிறார்கள். மின்சாரத்தை நிறுத்து என்றேன். நிறுத்தினாலும் பூட்டு திறக்காது என்றான் சிலாஸ், எதற்கும் மாற்று ஏற்பாடு வேண்டும் என்று பன்னிரண்டாம் எண் புத்தகம் சொன்னதால் உள்ளே பேட்டரி வைத்திருக்கிறானாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, அதை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். கோடாரி கொண்டுவரப் போனேன். பிழை எங்கே என்று குறிப்புகளைப் படித்துப் பார்க்காமல் உடைக்கக் கூடாது மாமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஷிதாண்டா கேட்டருகே வந்தார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"வேண்டாம்னா வாயால சொல்லுங்க, லுஸ்வேட்டி. வரச் சொல்லிட்டுக் கேட்டைப் பூட்டிச் சொல்லாதீங்க. எங்களுக்கும் வீடு இருக்கு."

 வேன் ஓட்டுநர் வண்டியைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் லோயிஸ் வெளியே வந்தாள். புது உடை, தலையில் புதுத் துணி, அழுகை இல்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாக மதில்மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினாள், டிக்சன் வாங்கி நிழலில் போட்டான். பிறகு தேநீரைக் கோப்பை கோப்பையாகக் கம்பிக்கு நடுவே நீட்டினாள். ஷிதாண்டா வாங்கிக் குடித்துப் பார்த்தார். சூடாக இருந்தது. உட்கார்ந்தார். நாங்கள் இந்தப் பக்கம் நாற்காலி போட்டோம். சிறைச்சாலையில் கைதியைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி கம்பிக்கு இருபுறமும் இருந்து என் மகளின் கல்யாணம் பேசப்பட்டது.

பேச்சை ஆரம்பிக்கும் முன் நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். பட்டியல், மண்டாசிக் காகிதம், மூன்றாம் எண் பாட்காஸ்ட். ஷிதாண்டா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தக் காபிக்காரனுங்களா?"

அவர் வீட்டிலும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்கிறார்களாம். முழங்கால் வலிக்காரர் என்று அவருக்கு மட்டும் ஸ்டூல் உண்டாம். அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கைப்பேசியிலிருந்து உத்தரவு வந்தால்தான் நிரம்புமாம், போன வாரம் சோப்பு நுரையோடு உத்தரவுக்காகக் காத்திருந்தாராம். அதன்பிறகு மாடுகள் மறந்துபோயின. தேநீர்க் கெண்டி காலியாகும் வரை தங்கள் பட்டியலை ஒவ்வொரு எண்ணாகத் திட்டினோம். அவர் நல்ல மனிதர், வசவில் என்னைவிடக் கெட்டிக்காரர். தங்கள் பெயர் தெரியாததால் தங்களுக்கு ஒரு பெயரும் வைத்தோம். அதை இங்கே எழுத இயலாது.

நடுவில் லோயிஸ் எழுந்தாள். உங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்வது யார் என்று ஷிதாண்டாவைக் கேட்டாள். அவர் டிக்சனைப் பார்த்தார். எல்லோரும் டிக்சனைப் பார்த்தோம். அவன் வலது காதில் இயர்போன் இருந்தது, பெண் பேச வந்த இடத்தில். லோயிஸ் கேட்டருகே போனாள்.  அவள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அவ்வளவுதான், என் பேச்சோ தாயின் பேச்சோ எடுபடாது.

"நான் வார்டுல பன்னெண்டு மணி நேரம் நின்னுட்டு வீட்டுக்கு வருவேன். வந்து பேசுனா கேக்க ஆள் இருக்குமா?" என்றாள்.

டிக்சன் இயர்போனைக் கழற்றிக் கம்பி வழியாக அவள் கையில் வைத்தான். அவள் அதைக் கையிலிருந்த தேநீரில் போட்டாள்.

"இப்போ கேக்குதா?"

"கேக்குது."

"அப்போ சரி. உள்ள வா."

உள்ளே வர வழி இல்லை என்பதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தோம். டிக்சனும் சிலாஸும் கம்பிக்கு இருபுறமும் தலையை முட்டிக்கொண்டு ஒரே கைப்பேசியைப் பார்த்தார்கள், யாருக்கும் புரியாத வேகத்தில் பேசிக்கொண்டார்கள். பிழை கிடைத்தது. எளிமை பற்றிய அந்த மூட்டைப் புத்தகத்தைப் படித்துவிட்டு சிலாஸ் அன்று காலை எல்லாப் பெயர்களையும் எளிமையாக்கியிருக்கிறான். கேட்டுக்கும் கோழிக் கூண்டுக்கும் 'கதவு' என்றே பெயர் வைத்திருக்கிறான். இயந்திரம் அந்தப் பெயரில் முதலில் கண்ட கதவைத் திறந்திருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

கேட் திறந்தது. பெரியவர்கள் உள்ளே வந்தார்கள். ஒரு சேவல் மதில் தாண்டிப் பறந்து வேனுக்குள் ஏறியிருந்தது. ஷிதாண்டா அதைத் தாமே பிடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நசிமியுவிடம் கொடுத்தார். மற்றவை எங்கே போயின என்று தெரியாது. அந்த ஒரு சேவலை அத்தனை பேருக்கும் பங்கு போட்டு அவள் எப்படிப் பரிமாறினாள் என்பது அவளுக்கே தெரிந்த வித்தை. மூத்தவருக்கு உரிய இரைப்பையை முறைப்படி ஷிதாண்டாவின் தட்டில் வைத்தாள். மாட்டுப் பேச்சு சுமுகமாக முடிந்தது, ஆகஸ்டில் கல்யாணம். சிலாஸ் அன்று மாலை என் பழைய தாழ்ப்பாளைத் தேடிக் கண்டுபிடித்து, தானே கேட்டில் மாட்டினான். அவமானத்தில் எடித்தோடுகூடப் பேசவில்லை. இரட்டை வேகத்தில் பேசியவன் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அதற்கும் தாங்கள்தான் பொறுப்பு.

ஆகவே, தாங்கள் அந்தப் பட்டியலை உடனே நீக்க வேண்டும், இனி அப்படிப்பட்ட பட்டியல் எதையும் போடக் கூடாது, எண்ணெய்ப் பலகாரம் மடிக்க உதவும் சமையல் குறிப்புகளை மட்டும் அந்தப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று இதன்மூலம் கோருகிறேன். என் சந்தாவையும் ரத்து செய்யவும். நான் சந்தாதாரன் இல்லை என்றாலும் ரத்து செய்யவும்.

தங்கள் வீட்டுக் கதவுகள் தட்டியதும் திறக்கட்டும், தங்கள் கோழிகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும், தங்கள் மருமக்கள் தங்களுக்குக் காது கொடுக்கட்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
மிகுந்த மரியாதையுடன், அதைவிட மிகுந்த கோபத்துடன்,
ஹெ. லுஸ்வேட்டி

பின்குறிப்பு: பட்டியலின் பதினோராம் எண் பற்றி மேலே எழுதவில்லை. சாட்சிக்காக அதையும் கேட்டேன். கிசுமுப் பக்கத்துக் குரல் உள்ள ஒரு அம்மா, எங்கேயோ என்றோ பழுதான ஒரு கணினியைப் பற்றி வாரம் ஒரு கதை சொல்கிறார். காபி குடிப்பதில்லை, சிரிப்பதில்லை. கடைசியாக, ஒரு துறைமுகத்தில் ஒரே பெட்டியைக் கணினி திரும்பத் திரும்பக் கப்பலில் ஏற்றி அனுப்பியதைச் சொன்னார். அதற்குள் என்ன இருந்தது என்பதை அடுத்த வாரம் சொல்வதாகச் சொன்னார். அதன்பிறகு வரவேயில்லை. நசிமியுவும் நானும் நான்கு மணித் தேநீருக்கு உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காதாக அதைக் கேட்டு வந்தோம், சிலாஸுக்குத் தெரியாது. பட்டியலை இப்போதைக்கு நீக்க வேண்டாம், நீக்கினால் அவரைத் தேட எங்களுக்கு வேறு வழி இல்லை. பெட்டியில் என்ன இருந்தது என்பதுகூட இருக்கட்டும். அந்த அம்மா கடைசியாகப் பேசிய வாரம் இருமினார் என்று நசிமியு சொல்கிறாள். அவர் சுகமாக இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.